மோட்டார் கிளைடரில் கட்டாயப் பாதுகாப்பு மாற்றங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜெர்மனியில் ஒரு கிளைடர் கிளப்பின் பட்டறையில் வார இறுதிகளில் கைகொடுக்கிறேன். விமானம் வாங்கப் போகிறவர்களும் புதிதாக வாங்கியவர்களும் கேட்கிற கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருப்பதால் எழுதி வைத்தேன். விதிகள் ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் ஒட்டியவை. இந்தியாவைப் பற்றி கடைசிப் பகுதியில் ஒரு கேள்வி இருக்கிறது.

மோட்டார் கிளைடர் என்று எதைச் சொல்கிறீர்கள்?

எஞ்சின் இல்லாமல் காற்றில் மிதந்து பறக்கும் விமானம் கிளைடர். அதில் எஞ்சினும் இருந்தால் மோட்டார் கிளைடர். மூன்று வகை. ஷைபே ஃபால்கே, சூப்பர் டிமோனா, குரோப் 109 போல மூக்கில் எஞ்சின் நிலையாக இருப்பவை ஒன்று. இவை சாதாரணச் சிறு விமானம் போலவே ஓடி எழும். இரண்டாவது, முதுகுக்குள் மடங்கிக் கிடக்கும் எஞ்சினையோ ப்ரொப்பல்லரை மட்டுமோ நிமிர்த்தி, தானாகவே மேலெழும் கிளைடர்கள். டிஜி-800பி, ஏஎஸ்எச் 26இ, ஆர்கஸ் எம் இந்த ரகம். மூன்றாவது, இழுவை விமானமோ, தரையிலிருந்து கம்பியால் இழுக்கும் வின்ச்சோ தூக்கிவிட்ட பிறகு, காற்று கைவிட்டால் வீடு திரும்ப மட்டும் சின்ன எஞ்சின் வைத்திருப்பவை. எந்த வகையானாலும் இதில் கிளைடர், எஞ்சின், ப்ரொப்பல்லர் என்று மூன்று பொருள்கள் இருக்கின்றன. மூன்றுக்கும் தனித்தனிச் சான்றிதழ் இருக்கலாம், தனித்தனி உத்தரவும் வரலாம். இனி சொல்லப்போகிற பாதித் தொல்லை இதிலிருந்துதான் முளைக்கிறது.

கட்டாய மாற்றம் என்று யார் முடிவு செய்கிறார்கள்?

விமானத்தை வடிவமைத்த நாட்டின் வான்போக்குவரத்து ஆணையம். 1944 சிகாகோ உடன்படிக்கையின் எட்டாம் இணைப்பு இந்தப் பொறுப்பைப் பிரித்துக் கொடுக்கிறது. வடிவமைத்த நாடு பாதுகாப்புத் தகவலை வெளியிட வேண்டும். விமானம் பதிவாகியிருக்கும் நாடு அதை அப்படியே ஏற்க வேண்டும், அல்லது ஆராய்ந்து தன் நடவடிக்கையை எடுக்க வேண்டும். உலகின் மோட்டார் கிளைடர்களில் பெரும்பங்கு ஜெர்மனியில் பிறந்தவை. அதனால் முன்பு பிரவுன்ஷ்வைக்கில் இருக்கும் ஜெர்மன் வான்போக்குவரத்து அலுவலகமும், 2003 செப்டம்பருக்குப் பிறகு கொலோனில் இருக்கும் ஐரோப்பிய முகமையான ஈயாசாவும் இதில் முன்னால் நிற்கின்றன. அமெரிக்க ஆணையமான எஃப்ஏஏ அதைப் பார்த்துத் தன் உத்தரவைத் தனியாகப் போடும்.

உத்தரவின் முழுப் பெயர் ஏர்வொர்தினெஸ் டைரக்டிவ். பட்டறையில் யாரும் அப்படிச் சொல்வதில்லை, ஏ.டி. என்றால் போதும். ஒரு ஏ.டி. பகுதியை மாற்றச் சொல்லலாம், சோதிக்கச் சொல்லலாம், கையேட்டில் ஒரு பக்கத்தைச் சேர்க்கச் சொல்லலாம், வேகத்தைக் குறைத்து காக்பிட்டில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டச் சொல்லலாம். பறக்கவே கூடாது என்றும் சொல்லலாம்.

கம்பெனி அனுப்பும் சர்வீஸ் புல்லட்டினும் இதுவும் ஒன்றா?

இல்லை. புல்லட்டின் என்பது தயாரிப்பாளரின் கடிதம். ஜெர்மன் கம்பெனிகள் டெக்னிஷ மிட்டைலுங் (தொழில்நுட்ப அறிவிப்பு) என்று அனுப்பும். அதில் கொட்டை எழுத்தில் ‘கட்டாயம்’ என்று அச்சடித்திருந்தாலும் சட்டம் ஆக்குவது ஆணையத்தின் ஏ.டி.தான். பெரும்பாலும் ஏ.டி. இரண்டு பக்கத்தில் முடிந்துவிடும். ‘இன்ன எண் புல்லட்டினில் சொன்னபடி செய்’ என்று கைகாட்டும். எந்தத் திருகை எவ்வளவு முறுக்க வேண்டும் என்பதெல்லாம் புல்லட்டினில் இருக்கும். இரண்டும் முரண்பட்டால் ஏ.டி. சொல்வதே செல்லும். ஏ.டி.யாக மாறாத புல்லட்டினை ஒதுக்கிவிடலாமா என்று கேட்டால், சட்டப்படி பல சமயம் முடியும். நான் ஒதுக்க மாட்டேன்.

ஏ.டி. எண்ணை எப்படிப் படிப்பது?

ஈயாசாவில் முதலில் ஆண்டு, பிறகு வரிசை எண். கடைசியில் ஆங்கில ‘ஈ’ எழுத்து இருந்தால் அவசர உத்தரவு. ‘ஆர் 1’ என்று இருந்தால் முதல் திருத்தம். எஃப்ஏஏ எண் மூன்று துண்டு: ஆண்டு, அந்த ஆண்டில் எத்தனையாவது இருவாரம், அதற்குள் எத்தனையாவது உத்தரவு.

என் விமானத்தின் பெயரைத் தேடினேன், ஒன்றும் வரவில்லை. நிம்மதியாக இருக்கலாமா?

கூடாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைப் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள். கோளாறு பகுதியோடு பயணிக்கும். மூக்கில் எழுதியிருக்கும் பெயரை அது பார்ப்பதில்லை.

2010 ஜூன் 12 அன்று ஆஸ்திரியாவில் ஒரு எல்-13 பிளானிக் பறந்துகொண்டிருந்தபோது இறக்கையின் முதன்மை ஸ்பார் (சுமையைத் தாங்கும் உத்திரம்) வேர்ப்பகுதிக்குப் பக்கத்தில் முறிந்து இறக்கை பிரிந்தது. இருவர் இறந்தார்கள். பிளானிக் செக் நாட்டில் 1950களில் பிறந்த உலோகக் கிளைடர். உலகெங்கும் லட்சோபலட்சம் பேர் பயிற்சி பெற்ற வண்டி என்று சொன்னாலும் மிகையில்லை. உலோகச் சோர்வுதான் காரணமாகப் பார்க்கப்பட்டது. சில நாட்களிலேயே ஈயாசாவின் அவசர உத்தரவு வந்தது, பிளானிக்குகள் கூட்டம் கூட்டமாகத் தரையில் நின்றன. இதில் மோட்டார் கிளைடருக்கு என்ன வேலை? விவாட் என்று ஒரு செக் மோட்டார் கிளைடர் இருக்கிறது. இருவர் பக்கத்தில் பக்கம் உட்காரும் புது உடல், மூக்கில் எஞ்சின். ஆனால் இறக்கை பிளானிக்கிலிருந்து வந்தது. ஆகவே விவாட்டுக்கும் உத்தரவு வந்தது. ‘என்னுடையது பிளானிக் இல்லையே’ என்று சொன்னவருக்கும் ஸ்பார் அதே ஸ்பார்தான்.

எஞ்சினில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். சோலோ என்ற ஜெர்மன் கம்பெனியைத் தோளில் மாட்டும் மருந்துத் தெளிப்பான் வழியாகச் சிலருக்குத் தெரிந்திருக்கும். அவர்களுடைய 2625 வரிசை டூ-ஸ்ட்ரோக் எஞ்சின்கள் ஒன்றுக்கு மேற்பட்ட தயாரிப்பாளர்களின் கிளைடர்களில் உட்கார்ந்திருக்கின்றன. 2625-02 எஞ்சினில் ஒரு அச்சு முறிந்து ப்ரொப்பல்லர் கழன்று விழுந்தது. முறிந்தது பெல்ட்டை இறுக்குவதற்காக மையம் விலகிய வடிவில் செய்த அச்சு. மேலே இருக்கும் புல்லியும் ப்ரொப்பல்லரும் அதன் மேல்தான் சுற்றுகின்றன. மாற்றம் செய்யச் சொல்லி உத்தரவு வந்தது. அப்புறம், மாற்றம் செய்த எஞ்சின் ஒன்றிலேயே மறுபடி அச்சு முறிந்தது. 2013, 2014 வாக்கில் மேலும் உத்தரவுகள் வந்தன. கிளைடரின் பெயரை மட்டும் தேடியவர் கண்ணில் இது பட்டிருக்காது. உத்தரவு எஞ்சினின் பெயரில் இருந்தது.

ஆகவே தேட வேண்டியது கிளைடர், எஞ்சின், ப்ரொப்பல்லர், அப்புறம் இழுவைக் கொக்கி, சீட் பெல்ட், ரேடியோ, டிரான்ஸ்பாண்டர் போன்ற உபகரணங்கள். நான்கு இடம்.

எங்கே தேடுவது?

ஈயாசாவும் எஃப்ஏஏவும் தங்கள் உத்தரவுகளை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கின்றன. மின்னஞ்சலுக்குப் பதிவு செய்துகொள்ளலாம். பழைய ஜெர்மன் கிளைடர் என்றால் ஒரு எச்சரிக்கை: 2003க்கு முந்தைய ஜெர்மன் உத்தரவுகள் காலாவதி ஆகிவிடவில்லை. ஈயாசா பிறந்த நாளிலிருந்து மட்டும் தேடினால் 1980களின் விமானத்துக்குப் பாதிக் கதைதான் கிடைக்கும்.

சீரியல் நம்பர் பட்டியலில் என் எண் இல்லை என்றால்?

அந்தப் பகுதி உங்களுக்குப் பொருந்தாது. ஆனால் எண்ணை எங்கிருந்து படித்தீர்கள் என்பதுதான் கேள்வி. ஒருவர் தன் ஒற்றை இருக்கைக் கிளைடரைப் பட்டறைக்குக் கொண்டுவந்தார். லாக்புக்கில், அதாவது விமானத்தின் பதிவேட்டில், ஒரு எஞ்சின் ஏ.டி.க்கு எதிரே ‘பொருந்தாது, சீரியல் நம்பர் வரம்புக்கு வெளியே’ என்று அழகான கையெழுத்தில் இருந்தது. எழுதிய நாளில் அது உண்மையும்கூட. அதற்கு மூன்று வருடம் கழித்து எஞ்சினை மாற்றியிருக்கிறார்கள். வந்த எஞ்சின் வரம்புக்கு உள்ளே. பழைய வரியை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

இப்போது நாங்கள் காகிதத்தை நம்புவதில்லை. எஞ்சினை நிமிர்த்தி, டார்ச் அடித்து, எண்ணெய்ப் பிசுக்கைத் துணியால் துடைத்து, தகட்டில் இருக்கும் எண்ணை செல்போனில் படம் பிடிக்கிறோம். தகடு எப்போதும் கை நுழையாத பக்கத்தில்தான் இருக்கும். சின்னக் கண்ணாடி ஒன்றைக் கம்பியில் கட்டி வைத்திருந்தால் உதவும்; எண் இடவலம் மாறித் தெரியும், அவ்வளவுதான்.

லோட்டெலியே இணைப்பு என்று அடிக்கடி காதில் விழுகிறது. அது என்ன?

கிளைடரை டிரெய்லரில் கொண்டுபோக இறக்கைகளைக் கழற்றுவோம். திரும்ப மாட்டும்போது ஏலரான் (விமானத்தைச் சாய்க்கும் இறக்கை மடல்), ஏர்பிரேக் கம்பிகளைக் காக்பிட்டுக்குப் பின்னால் கையை விட்டு இணைக்க வேண்டும். பல பழைய கிளைடர்களிலும் மோட்டார் கிளைடர்களிலும் இதற்குப் பிரெஞ்சுக் கம்பெனியான லோட்டெலியேயின் பந்தும் கிண்ணமும் கொண்ட இணைப்பு இருக்கிறது. ஒரு கம்பியின் முனையில் விரல் நுனி அளவு எஃகுப் பந்து. மறுகம்பியின் முனையில் கிண்ணம், அதன் பக்கத்தில் ஸ்பிரிங் வைத்த சின்ன ஆப்பு. கட்டைவிரலால் ஆப்பை அழுத்தி, பந்தைக் கிண்ணத்தில் நுழைத்து, விரலை எடுத்தால் ஆப்பு திரும்பி வந்து பந்தைப் பூட்டிக்கொள்ளும்.

வந்தால்தான். பந்து பாதி நுழைந்த நிலையிலும் இணைப்பு கையில் பிடித்துக்கொண்டது போலவே இருக்கும். தரையில் ஸ்டிக்கை ஆட்டினால் ஏலரானும் ஆடும். மேலே போய்ச் சுமை ஏறிய பிறகு கழன்றுவிடலாம். உலகெங்கும் உயிர் போயிருக்கிறது. அதனால் 1990களில் ஜெர்மன் உத்தரவு வந்தது: இணைப்புக்குத் தனிப் பூட்டு வேண்டும். எளிய வழி, ஆப்பில் இருக்கும் துளையில் ஒரு சேஃப்டி பின். ஆப்பு முழுதாகத் திரும்பி வந்திருந்தால் மட்டுமே துளை முழுதாக வெளியே தெரியும், பின் நுழையும். பின் நுழையவில்லை என்றால் பந்து உட்காரவில்லை. பூட்டாகவும் சோதனையாகவும் ஒரே பின் வேலை செய்கிறது. விலை சில காசுகள். இதைவிடக் கெட்டிக்காரத்தனமான கட்டாய மாற்றம் எனக்குத் தெரிந்து இல்லை.

பிற்காலக் கிளைடர்களில் இறக்கையைச் செருகும்போதே இணைப்பு தானாக மாட்டிக்கொள்ளும். பழைய வண்டி வைத்திருப்பவர்கள் பின்களைச் சிவப்பு நாடா கட்டி வைத்துக்கொள்ளுங்கள். மாட்டி முடித்ததும் டப்பாவில் ஒன்று மிஞ்சியிருந்தால் எங்கோ ஒரு இணைப்பு திறந்திருக்கிறது.

எத்தனை நாள் அவகாசம் கிடைக்கும்?

உத்தரவிலேயே இருக்கும். ‘அடுத்த பறப்புக்கு முன்’, ‘அடுத்த 25 மணி நேரத்துக்குள்’, ‘12 மாதத்துக்குள்’, ‘எது முதலில் வருகிறதோ அது’ என்று வரும். மணிக்கணக்கில் ஒரு பொறி உண்டு. அது எஞ்சின் ஓடிய மணியா, கிளைடர் காற்றில் இருந்த மணியா? மடங்கும் எஞ்சின் வைத்த கிளைடர் வருடத்துக்கு 150 மணி பறந்தாலும் எஞ்சின் 6 மணிதான் ஓடியிருக்கும். உத்தரவில் அந்த ஒரு சொல்லைக் கவனமாகப் படியுங்கள்.

உத்தரவு எஞ்சினுக்குத்தான். எஞ்சினை ஓட்டாமல் வெறும் கிளைடராகப் பறக்கலாமா?

சில சமயம் முடியும். மோட்டார் கிளைடருக்கு மட்டும் வாய்த்த சலுகை இது. எஞ்சினை இயக்கத் தடை என்று மட்டும் உத்தரவு இருந்து, உங்கள் பறப்புக் கையேடு எஞ்சின் இல்லாத பறப்பை அனுமதித்தால், மடக்கி வைத்து, இயக்க முடியாதபடி செய்து, காக்பிட்டில் எழுதி ஒட்டி, இழுவையில் ஏறலாம். இரண்டு நிபந்தனை. முதலாவது, அந்தக் கிளைடரில் இழுவைக் கொக்கி இருக்க வேண்டும்; தானாக எழும் சிலவற்றில் அது கிடையாது. இரண்டாவது, எடைக்கணக்கு. எஞ்சினைக் கழற்றி எடுத்துவிட்டால் எடை மையம் முன்னால் நகர்ந்துவிடும். அளந்து, கணக்குப் போட்டு, புதிய எடைத்தாள் இல்லாமல் பறக்கக் கூடாது.

ஃபால்கே, டிமோனா போன்றவற்றில் இந்தப் பேச்சே இல்லை. எஞ்சின் ஓடாவிட்டால் வண்டி ஹாங்கரில்தான்.

ரோட்டாக்ஸ் எஞ்சின்தான், எங்கும் கிடைக்கிறதே. அதற்கும் உண்டா?

உண்டு. சூப்பர் டிமோனா, புதிய ஃபால்கேக்கள், ஸ்டெம்மே எஸ்10-விடி எல்லாம் ரோட்டாக்ஸ் 912 அல்லது 914 எஞ்சினில் ஓடுகின்றன. எரிபொருள் பம்ப் பற்றியே உத்தரவு வந்திருக்கிறது. பம்ப் அதிக அழுத்தம் கொடுத்தால் கார்புரேட்டர் நிரம்பி வழியும், எஞ்சின் தடுமாறும். இங்கே கவனிக்க வேண்டியது எஞ்சினின் பெயருக்குப் பின்னால் வரும் எழுத்து. சான்றிதழ் பெற்ற 912 ஒன்று, அல்ட்ராலைட்டுக்கு விற்கும் சான்றிதழ் இல்லாத 912 ஒன்று. ஏ.டி. முதலாவதைத்தான் கட்டுப்படுத்தும். பம்ப் இரண்டிலும் ஒன்றாக இருக்கலாம்.

மாற்றத்தை நானே செய்யலாமா?

ஐரோப்பாவில் விமானியாக இருக்கும் உரிமையாளர் சில பராமரிப்பு வேலைகளைத் தானே செய்து கையெழுத்திடலாம். ஏ.டி. அந்தப் பட்டியலில் இல்லை, உத்தரவே ‘உரிமையாளர் செய்யலாம்’ என்று சொன்னால் ஒழிய. ஸ்டிக்கர் ஒட்டுவது, கையேட்டில் பக்கம் மாற்றுவது போன்றவற்றுக்கு அப்படிச் சொல்வது உண்டு. மற்றதற்கு உரிமம் பெற்ற மெக்கானிக்கின் கையெழுத்து வேண்டும். பக்கத்தில் நின்று ஸ்பானர் எடுத்துக் கொடுங்கள், கற்றுக்கொள்ளலாம்.

சொன்னபடி செய்ய முடியவில்லை, வேறு வழியில் செய்தால் ஏற்பார்களா?

எழுதிக் கேட்டு, அதே அளவு பாதுகாப்பு கிடைக்கும் என்று காட்டினால் மாற்று வழியை அனுமதிப்பார்கள். அனுமதி கைக்கு வரும் முன் செய்துவிட்டுப் பிறகு கேட்பது செல்லாது. முன்பே வேறு மாற்றம் செய்த விமானம் என்பதால் ஏ.டி. பொருந்தாது என்று நீங்களே முடிவு கட்டுவதும் செல்லாது. அதற்கும் இதே வழியில்தான் போக வேண்டும்.

விமானம் ஒரு ஊரில், பட்டறை வேறு ஊரில். பறந்து கொண்டுபோகலாமா?

உத்தரவு தடுக்காவிட்டால், ஒரு முறைக்கான சிறப்பு அனுமதி கேட்கலாம். ஆனால் உங்களிடம் டிரெய்லர் இருக்கிறது. கிளைடர்க்காரனுக்கு இருக்கிற வசதியை ஏன் விட வேண்டும்?

செய்யாமல் பறந்தால்?

எஃப்ஏஏ விதிப்படி ஒவ்வொரு பறப்பும் தனி மீறல். ஐரோப்பாவில் வருடாந்தரத் தகுதிச் சான்று கிடைக்காது. விபத்து என்று வந்தால் காப்பீட்டுக்காரர் முதலில் கேட்பது ஏ.டி. பட்டியலைத்தான்.

ஒரு தடவை செய்தால் முடிந்ததா?

சிலது முடியும். சிலது ‘ஒவ்வொரு 100 மணிக்கும் விரிசல் பார்’ என்று கூடவே வரும். பெரும்பாலும் பகுதியை மாற்றிவிட்டால் சோதனையிலிருந்து விடுதலை உண்டு. சோலோ அச்சு விஷயத்தில் பார்த்தது போல, முடிந்தது என்று நினைத்த உத்தரவுக்குப் பதிலாகப் புதியது வருவதும் உண்டு. ஆகவே பட்டியலை ஒவ்வொரு வருடமும் முதல் வரியிலிருந்து பார்க்க வேண்டும்.

லாக்புக்கில் எப்படி எழுதுவது?

‘ஏ.டி. முடித்தாயிற்று’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதாது. உத்தரவு எண், திருத்த எண், எந்தப் பகுதி, அதன் சீரியல் நம்பர், எந்த முறையில் செய்தது, அப்போது எத்தனை மணி, எத்தனை லேண்டிங், மறுபடி எப்போது. பொருந்தாது என்றால் ஏன் பொருந்தாது என்பதும். மாற்றத்தால் எடை கூடியிருந்தால் எடைத்தாளிலும் ஒரு வரி. பின்னால் வருகிறவர் உங்களைக் கூப்பிட்டுக் கேட்காமல் புரிந்துகொள்ள வேண்டும்.

அமெரிக்காவில் என் கிளைடர் எக்ஸ்பெரிமென்ட்டல் வகை. எனக்கு விலக்கு உண்டா?

எக்ஸ்பெரிமென்ட்டல் என்றால் வகைச் சான்றிதழ் இல்லாமல் சோதனை வகையாகப் பதிவானது. பொதுவாக ஏ.டி. சான்றிதழ் பெற்ற வகைகளையே கட்டுப்படுத்தும், உத்தரவின் வாசகம் வேறு சொன்னால் தவிர. ஆகவே வாசகத்தைப் படியுங்கள். ஜெர்மனியில் சான்றிதழ் பெற்ற அதே கிளைடர் அமெரிக்காவில் எக்ஸ்பெரிமென்ட்டலாகப் பதிவாகியிருப்பது சகஜம். அச்சு எந்தப் பதிவில் இருக்கிறோம் என்று பார்த்து முறிவதில்லை.

தயாரித்த கம்பெனியே இல்லை. யாரிடம் போவது?

அந்த விமான வடிவமைப்புக்கான வகைச் சான்றிதழ் இப்போது யார் கையில் என்று பாருங்கள். குரோப் கிளைடர்களின் ஆஸ்டிர் வரிசையை வேறொரு ஜெர்மன் நிறுவனம் பார்த்துக்கொள்கிறது. யார் கையிலும் இல்லை என்றால் ஆணையமே நேரடியாக உத்தரவு போடும். பகுதி கிடைப்பதுதான் பாடு.

இந்தியாவில்?

இந்திய ஆணையமான டிஜிசிஏ இதை மாண்டேட்டரி மாடிஃபிகேஷன் (கட்டாய மாற்றம்) என்றே தன் விதிகளில் குறிப்பிடுகிறது. அடிப்படை அதேதான்: வடிவமைத்த நாடு கட்டாயம் என்று சொன்னது இந்தியப் பதிவில் இருக்கும் விமானத்துக்கும் கட்டாயம். ஜெர்மன் மோட்டார் கிளைடர் இந்தியாவில் இருந்தால் ஈயாசாவின் பக்கத்தைத்தான் முதலில் திறக்க வேண்டும்.

செலவு யாருடையது?

உங்களுடையது. கம்பெனி சில சமயம் பகுதியை இலவசமாகத் தரும், கூலி உங்கள் கணக்கு.

பழைய மோட்டார் கிளைடர் வாங்கப் போகிறேன். எதைக் கேட்க வேண்டும்?

ஏ.டி. பட்டியலை முன்கூட்டியே அனுப்பச் சொல்லுங்கள். நீங்களே ஒரு பட்டியல் தயாரித்து வைத்து, விற்பவர் அனுப்பியதோடு ஒப்பிடுங்கள். நேரில் போகும்போது எஞ்சின், ப்ரொப்பல்லர், கொக்கி எண்களைப் படம் எடுங்கள். எரிபொருள் ரப்பர் குழாய்களில் அச்சிட்டிருக்கும் ஆண்டைப் பாருங்கள். அது ஏ.டி.யில் இல்லாவிட்டாலும், ரோட்டாக்ஸ் கையேடு ரப்பரை 5 ஆண்டுக்கு ஒரு முறை மாற்றச் சொல்கிறது. 15 வருடக் குழாய் இருந்தால் மற்றதையும் எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று தெரிந்துவிடும். இறக்கையை உங்கள் கண் முன்னால் மாட்டச் சொல்லுங்கள், இணைப்பு பின்களை எங்கிருந்து எடுக்கிறார் என்று கவனியுங்கள். டிரெய்லரின் தரையைத் துழாவித் தேடினால் விலையைக் குறைத்துப் பேச வேண்டாம், வீட்டுக்குத் திரும்பி வந்துவிடுங்கள்.